பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆராய்ச்சிகளை ஒருங்கிணைப்பது: விண்ணப்பத்திலிருந்து ஒப்படைப்பு வரை

ஒரு தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து ஆராய்ச்சிகள் நடப்பது சாதாரணம். ஒரு குழு தவளைகளின் குரலைப் பதிவு செய்யும், இன்னொன்று மரங்களின் பருமனை அளக்கும், மூன்றாவது ஓடையில் நீர் மாதிரி எடுக்கும். அவரவருக்கு அவரவர் வேலை தெரியும், பக்கத்தில் நடப்பது தெரியாது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே இடம் பூங்கா அலுவலகம். அங்கே அனுமதிக் கடித நகல்கள் மட்டும் கட்டுக்கட்டாக இருந்து, எது எங்கே நடந்தது, என்ன எடுத்துப் போனார்கள், என்ன விட்டுப் போனார்கள் என்ற கணக்கு இல்லையென்றால், ஒரே ஓடையை மூன்று பேர் தனித்தனியாகக் கலக்குவார்கள். இருபது வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்கூட மிஞ்சாது. இந்தக் கணக்கை எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று தனிப் பதவி இருந்தாலும் சரி, ஒரு ரேஞ்சர் மற்ற வேலைகளோடு இதையும் பார்த்தாலும் சரி, செய்ய வேண்டியவை இவைதான்.

பதிவேடு

முதலில் பதிவேடு, விண்ணப்பப் படிவம் பிறகு. ஒரு சாதாரண விரிதாள் போதும். ஒரு ஆராய்ச்சிக்கு ஒரு வரி. அனுமதி எண், தலைப்பு, பொறுப்பாளர், நிறுவனம், இடங்கள், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பிடிக்கும் அல்லது சேகரிக்கும் உயிரினங்கள், களத்தில் நிறுவிய பொருட்களின் எண்ணிக்கை, அகற்ற வேண்டிய தேதி, அறிக்கை வர வேண்டிய தேதி, தரவு வந்ததா, கட்டுரை வெளியானதா. கடைசி நான்கு கட்டங்கள்தான் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அவற்றை நிரப்புவதுதான் உங்கள் வேலையில் பாதி.

அனுமதி எண்ணை ஆண்டு, வரிசை என்று எளிமையாக வையுங்கள்: 2025-014. இந்த எண் களத்தில் அந்தக் குழு வைக்கும் ஒவ்வொரு பொருளிலும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கேமரா ட்ராப் (விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கேமரா), குழிப்பொறி (பூச்சிகள் விழ மண்ணில் புதைக்கும் குவளை), மரத் தகடு, மாதிரிக் குப்பி, வண்டியின் முன்கண்ணாடி, ஒன்றும் விடக்கூடாது. ரோந்து போகும் காவலர் ஒரு பெட்டியைப் பார்த்தால், அது ஆராய்ச்சியா வேட்டையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிட வேண்டும்.

பதிவேடு தொடங்கும்போதே பழைய ஆராய்ச்சிகளையும் ஏற்றுங்கள். அலமாரிக் கோப்புகள், பழைய ஆய்வேடுகள், ஓய்வு பெற்ற காவலர்களின் ஞாபகம், எதுவானாலும் சரி. முழுமையாகக் கிடைக்காது. "ஏதோ ஒரு காலத்தில் இந்த மேட்டில் இரும்புக் கம்பி நட்டு அளந்தார்கள்" என்ற அளவு தெரிந்தாலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன கேட்பது

எல்லா விண்ணப்பத்துக்கும் ஒரே கனமான படிவம் வைப்பது தவறு. பாதையில் நடந்து பறவை எண்ணும் மாணவருக்கும், சிறுத்தைக்கு மயக்க ஊசி போட்டு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டும் குழுவுக்கும் ஒரே நாற்பது பக்கப் படிவம் என்றால், மாணவர் அனுமதி கேட்காமலே உள்ளே போவார். இரண்டாகப் பிரியுங்கள். பார்ப்பது, எண்ணுவது, படம் எடுப்பது மட்டும் என்றால் இரண்டு பக்கப் படிவம், இரண்டு வாரத்துக்குள் பதில். பிடிப்பது, வெட்டுவது, தோண்டுவது, சேகரிப்பது, ட்ரோன் பறக்கவிடுவது, மையப் பகுதிக்குள் இரவில் நுழைவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் முழுப் படிவம், இரண்டு மாதம்.

முழுப் படிவத்தில் மழுப்பலாகப் பதில் எழுத முடியாதபடி கேள்விகளை அமையுங்கள். "மாதிரிகள் எடுப்பீர்களா?" என்று கேட்டால் "தேவைக்கேற்ப" என்று பதில் வரும். "எந்த இனம், எந்தப் பாகம், ஓரிடத்தில் எத்தனை, மொத்தம் எத்தனை, எதில் பதப்படுத்துவீர்கள், எந்த அருங்காட்சியகத்தில் அல்லது ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேகரத்தில்) வைப்பீர்கள்?" என்று அட்டவணையாகக் கேளுங்கள். இடம் கேட்கும்போது "வடக்குச் சரகம்" போதாது, ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) வேண்டும். இன்னொரு கேள்வியையும் கட்டாயம் சேருங்கள்: இதே கேள்விக்கு இந்தப் பூங்காவுக்கு வெளியே விடை தேட முடியுமா, முடியாது என்றால் ஏன்?

இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1964-ல் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்ததைச் சொல்லலாம். வீலர் பீக் சரிவில் காலநிலை வரலாற்றை ஆராய்ந்த ஒரு மாணவர், அந்த நிலத்தை நிர்வகித்த வனத்துறையின் அனுமதியோடு ஒரு பிரிஸில்கோன் பைன் மரத்தை வெட்டினார். வெட்டிய பிறகு எண்ணினால் 4,800-க்கும் மேற்பட்ட வளையங்கள். அன்றைக்கு வயது தெரிந்த மரங்களிலேயே மூத்தது அதுதான். அனுமதி முறையாகத்தான் கொடுக்கப்பட்டது. இந்த மரம்தான் வேண்டுமா, வேறு மரத்தில் ஆகாதா, வெட்டாமல் ஆகாதா என்பதை யாரும் கடைசிவரை அழுத்திக் கேட்கவில்லை. திருப்பி வைக்க முடியாத எதையும் அனுமதிக்கும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பரிசீலனைக்கு மூன்று பேர் போதும். துறை தெரிந்த வெளியாள் இருவர், அந்தச் சரகத்தில் தினமும் நடக்கும் காவலர் ஒருவர். வெளியாட்கள் முறை சரியா என்று பார்ப்பார்கள். அந்த மாதத்தில் ஓடையைக் கடக்க முடியாது, அந்தப் பாறைக்குக் கீழே கழுகு கூடு கட்டியிருக்கிறது, அந்த இடத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகும் என்பதெல்லாம் காவலருக்குத்தான் தெரியும். அவருடைய கருத்தைப் பேச்சோடு விடாமல் கோப்பில் எழுத்தாக வையுங்கள்.

விலங்குகளைப் பிடிக்கும் ஆராய்ச்சி என்றால், விண்ணப்பதாரரின் நிறுவனத்திடம் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தோடு நிறுத்தாதீர்கள். பறவைகளுக்கு மாட்டும் கருவி உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். ஆனால் எடை மட்டுமே அளவுகோல் ஆகாது. கிங் பெங்குயின்களின் துடுப்பில் மாட்டும் உலோகப் பட்டையைப் பற்றிப் பத்தாண்டு ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவின்படி, பட்டை மாட்டியவை 39 சதவீதம் குறைவான குஞ்சுகளைப் பொரித்தன, பிழைத்திருக்கும் விகிதமும் 16 சதவீதம் குறைந்தது. ஆகவே கருவி எப்போது, எப்படிக் கழன்று விழும், விழாவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

ஒரே வரைபடம், ஒரே நாட்காட்டி

ஒருங்கிணைப்பு என்று சொல்வதன் உண்மையான வேலை இங்கேதான். க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் ஒரே ஒரு கோப்பு வையுங்கள். அதில் இப்போது நடக்கும் ஆய்வு மனைகள் (திரும்பத் திரும்ப அளப்பதற்காக எல்லை குறித்த நிலத்துண்டுகள்), கைவிடப்பட்ட பழைய மனைகள், கேமரா இருக்கும் இடங்கள், ஒலிப்பதிவுக் கருவிகள், யாரும் போகக்கூடாத குகைகளும் கூடுகளும் ஊற்றுகளும், பூங்கா நிர்வாகமே செய்யும் வேலைகள் எல்லாம் தனித்தனி அடுக்குகளாக இருக்கட்டும். புதிய விண்ணப்பம் வந்ததும் அதன் இடங்களை இதில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மோதல்கள் எப்படி வரும் என்று தெரிந்தால்தான் வரைபடத்தில் எதைத் தேடுவது என்று தெரியும். ஒரு குழு பதிவு செய்த குரலை ஒலிபரப்பி ஆந்தைகளைப் பதில் கூவ வைக்கிறது. முந்நூறு மீட்டர் தள்ளி இன்னொரு குழுவின் ஒலிப்பதிவுக் கருவி அந்த ஒலிபரப்பையும் பதிலையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. ஒருவர் இரை வைத்து கேமராவுக்கு விலங்கை வரவழைக்கிறார். பக்கத்தில் இரையில்லாமல் விலங்கு அடர்த்தியைக் கணக்கிடும் ஆய்வின் எண்கள் அதனால் கோணலாகின்றன. குழிப்பொறியில் வண்டுகளை மாதக்கணக்கில் கொன்று எடுக்கும் இடத்துக்குள்ளேயே பூச்சி தின்னும் பல்லிகளின் உணவை ஒருவர் ஆராய்கிறார். இவற்றில் யார்மேலும் தப்பில்லை, ஒருவருக்கொருவர் தெரியாததுதான் கோளாறு. தூரம் விடுங்கள் அல்லது காலம் பிரியுங்கள். ஒலிபரப்பு ஆய்வு முதல் இரண்டு வாரம், ஒலிப்பதிவு அதற்கடுத்த மாதம் என்று நாட்காட்டியில் போட்டுவிட்டால் பெரும்பாலானவை தீரும்.

இதைவிட அதிகமாக நாசம் செய்வது பூங்காவின் சொந்த வேலைகள். அந்நியக் களைச்செடிகளை அகற்றும் குழு, தீத்தடுப்புக் கோடு வெட்டும் குழு, கட்டுப்படுத்திய தீ வைக்கும் குழு எல்லாம் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் "களையை விட்டுவைத்தால் என்ன ஆகும்" என்று பார்ப்பதற்காகவே ஒதுக்கிய ஒப்பீட்டு மனையைச் சுத்தமாக்கிவிட்டால், ஐந்து வருட ஆய்வு அன்றோடு முடிந்தது. களப்பணி ஆணை எழுதுவதற்கு முன் அந்த வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும் என்று உள் உத்தரவு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குழுக்களையும் களப்பணிப் பொறுப்பாளர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, அடுத்த ஆறு மாதத் திட்டத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் பேசுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

மனைகளும் ஆணிகளும்

நீண்டகால மனைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வீணாகின்றன. பத்து வருடம் கழித்து வருபவருக்கு இடம் கிடைப்பதில்லை. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே கையடக்க ஜிபிஎஸ் பத்து மீட்டர் வரைகூடத் தவறலாம். அதை மட்டும் நம்பாமல், அசையாத பாறை அல்லது பாலம் போன்ற அடையாளத்திலிருந்து திசைகாட்டிக் கோணமும் நாடாவால் அளந்த தூரமும் எழுதி வாங்குங்கள். மூலைகளில் துருப்பிடிக்காத உலோகக் குழாயைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி அடித்து, தலையில் மூடி போடச் சொல்லுங்கள். மண் மூடினாலும் உலோகக் கண்டறிவான் காட்டிக் கொடுக்கும். மூடியில்லாத கம்பி விலங்கின் காலையும் மனிதக் காலையும் கிழிக்கும். வண்ண நாடா கட்டுவது தற்காலிகத்துக்கு மட்டும். வெயிலில் வெளுத்து, துண்டு துண்டாகி, கடைசியில் ஏதாவது விலங்கின் வயிற்றில் போய்ச் சேரும்.

மரத்தில் தகடு அடிப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் பாதிப் பேர் தப்பாகச் செய்வது இதைத்தான். பருமன் அளக்கும் உயரம் தரையிலிருந்து 1.3 மீட்டர். அங்கேயே ஆணி அடித்தால் மரம் ஆணியைச் சுற்றி வீங்கும், அடுத்த அளவில் மரம் திடீரென்று பருத்ததாகக் காட்டும். அளவுக்கோட்டை வண்ணம் பூசிக் குறித்துவிட்டு, ஆணியை அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே, 1.6 மீட்டரில் அடிக்க வேண்டும். அலுமினிய ஆணி, தலை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்த கோணம், பிடிக்கும் அளவு மட்டும் உள்ளே, மீதி வெளியே. அப்போதுதான் தகடு ஆணித்தலைப் பக்கம் சரிந்து நிற்கும், மரம் வளர்ந்து விழுங்க வருடக்கணக்காகும். முழு ஆணியையும் இறக்கிவிட்டால் சில வருடத்தில் தகடே பட்டைக்குள் போய்விடும். அடிமரத்தில் விழுதோ புடைப்போ இருந்தால் அளவு உயரத்தை மாற்றலாம். ஆனால் மாற்றிய உயரத்தை அந்த மரத்தின் வரியிலேயே எழுத வேண்டும்.

முறையை மாற்றாமல் தொடர்வதன் பலன் என்ன என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று இருக்கிறது. கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தினர் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே வடிவ மலைஸ் பொறிகளை (பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரம் போன்ற துணிப் பொறிகளை) ஒரே விதமாக வைத்துப் பூச்சிகளை எடைபோட்டு வந்தார்கள். 1989 முதல் 2016 வரையிலான அந்த எண்களை 2017-ல் வெளியிட்டபோது, பறக்கும் பூச்சிகளின் எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது உலகத்துக்கே தெரிந்தது. நடுவில் பொறியின் வடிவத்தையோ துணியின் நிறத்தையோ மாற்றியிருந்தால் அந்த ஒப்பீட்டை யாரும் நம்பியிருக்க முடியாது. ஆகவே உங்கள் பூங்காவில் ஏற்கெனவே ஒரு முறையில் எண்ணிக்கை நடந்து வந்தால், புதிதாக வருபவரிடம் அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய முறை நவீனமாக இருந்தாலும் முதல் இரண்டு பருவம் இரண்டும் ஒன்றாக ஓடட்டும்.

கிருமியைச் சுமந்து வராமல்

ஆராய்ச்சியாளர்கள்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு, அதுவும் சுற்றுலாப் பயணி போகாத மூலைக்கு, அடிக்கடி போகிறவர்கள். நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும், வட அமெரிக்காவில் 2006-ல் முதலில் தென்பட்டு வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்ற வெண்மூக்கு நோய்ப் பூஞ்சையும் காலணியிலும் வலையிலும் ஒட்டிப் பயணம் செய்யக்கூடியவை. நுழைவாயிலில் ஒரு தொட்டியும் தூரிகையும் வையுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் சேற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. சேறு இருந்தால் கிருமிநாசினியின் வீரியம் சேற்றிலேயே செலவாகிவிடும். காலணிக்கும் வலைக்கும் விர்கான் என்ற கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசலில் சில நிமிடம் ஊறவிட்டு, அந்த நீர் ஓடையில் கலக்காதபடி அலசி, முழுக்கக் காய வையுங்கள். குகைக்குள் போன துணியும் கயிறும் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். ஓடையில் வேலை என்றால் மேலிருந்து கீழே வரச் சொல்லுங்கள். நோய் தெரிந்த இடம் அன்றைய கடைசி இடமாக இருக்கட்டும். தவளையைக் கையாளும்போது ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை.

மாதிரிகள்: வெளியே போகும் முன்

அனுமதிக் கடிதத்தில் மாதிரியின் உரிமை யாருக்கு என்று ஒரு பத்தி இல்லாவிட்டால் பின்னால் பேச வழியில்லை. 1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த தெர்மஸ் அக்வாடிகஸ் பாக்டீரியாவின் நொதிதான் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையை உலகெங்கும் சாத்தியமாக்கியது. பிசிஆர் உரிமைகள் 1991-ல் 30 கோடி டாலருக்குக் கைமாறின. பூங்காவுக்கு அதில் பங்கு வரவில்லை. மரபு வளங்களின் பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2014 அக்டோபர் 12 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் நாடு அதில் உறுப்பினரா, மாதிரி போகும் நாடு உறுப்பினரா என்று பார்த்து, வெளிநாடு போகும் ஒவ்வொரு குப்பிக்கும் தனி ஒப்புதல் வேண்டுமா என்று முன்கூட்டியே சட்டப்பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரி வேறு ஆய்வகத்துக்குக் கைமாறினால் பூங்காவுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தப் பத்தியிலேயே இருக்கட்டும். பூங்காவைச் சுற்றி வாழும் மக்களின் மருத்துவ, மரபு அறிவைக் கேட்டு எடுக்கும் ஆய்வு என்றால் அவர்களுடைய சம்மதம் தனியாக, அவர்கள் மொழியில், ஆய்வு தொடங்கும் முன்பே.

தரவு திரும்பி வருவதற்கு

ஆராய்ச்சி முடிந்து கட்டுரை வரும், எண்கள் வராது. இதுதான் எல்லாப் பூங்காவின் குறை. களப்பணி முடிந்து 12 மாதத்துக்குள் மூலத்தரவு வர வேண்டும், இரண்டு வருடம் பூங்கா அதை யாருக்கும் காட்டாது என்று அனுமதியிலேயே எழுதுங்கள். தன் கட்டுரைக்கு முன் வேறு யாராவது வெளியிட்டுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது, அதற்குத்தான் அந்த இரண்டு வருடம். அறிக்கையும் தரவும் நிலுவையில் இருப்பவருக்குப் புதுப்பித்தல் கிடையாது. இதில் மட்டும் தளர்வே காட்டாதீர்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் எல்லோரும் கேட்பார்கள்.

எந்த வடிவத்தில்? எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு. தேதி 2025-04-03 என்று ஆண்டு முதலில் வர வேண்டும். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. ஆயத்தொலைவு டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொது முறை), தசம டிகிரி, ஐந்து தசம இடங்கள். ஐந்தாவது இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உயிரினப் பதிவுகளுக்கு டார்வின் கோர் தரப்படுத்தலின் நெடுவரிசைப் பெயர்களையே கேட்டால் பின்னால் ஜிபிஐஎஃப் போன்ற உலகத் தரவகங்களில் ஏற்றுவது சுலபம். பார்த்ததோடு பார்க்காததையும் கேளுங்கள். எத்தனை பொறி, எத்தனை இரவு, எத்தனை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்ற எண் இல்லாமல், "மூன்று கிடைத்தன" என்பதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

கேமரா ட்ராப் தரவில் அடிக்கடி வரும் கோளாறு கடிகாரம். பேட்டரி மாற்றும்போது தேதி ஆரம்ப நிலைக்குப் போய்விடும், ஆறு மாதப் படங்களும் தவறான வருடத்தோடு வரும். ஒவ்வொரு முறை கேமராவைத் தொடும்போதும் இடக்குறியீடு, சரியான தேதி, நேரம் எழுதிய பலகையை அதன் முன்னால் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கடிகாரம் எவ்வளவு தவறினாலும் அந்தப் படத்தை வைத்துத் திருத்திவிடலாம்.

அரிய இனங்களின் இடத்தை மட்டும் பொதுவில் விடாதீர்கள். இந்தோனேசியாவின் ரோட்டித் தீவு நெடுங்கழுத்து ஆமையை 1994-ல் புதிய இனமாக விவரித்தார்கள். பிறகு வளர்ப்பு விலங்கு வணிகத்துக்காக அதைப் பிடித்துப் பிடித்தே காட்டில் கிட்டத்தட்ட இல்லாமலாக்கினார்கள். பூங்காவின் பூட்டிய கோப்பில் துல்லிய இடமும், வெளியே போகும் கோப்பில் 0.1 டிகிரிக்குச் சுருக்கிய இடமும் இருக்கட்டும், அது சுமார் 11 கிலோமீட்டர். கைபேசிப் படங்களுக்குள்ளேயே ஜிபிஎஸ் பதிந்திருக்கும். சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் அதை நீக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

உள்ளே போனவர் வெளியே வந்தாரா

நுழையும்போது பாதை, ஆட்கள், திரும்பும் நேரம் எழுதி வாங்குங்கள். தனியாகப் போக அனுமதி இல்லை. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழிந்தும் தகவல் இல்லையென்றால் யார் யாரைக் கூப்பிட வேண்டும், எப்போது தேடக் கிளம்ப வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

முடிப்பதும் ஒப்படைப்பதும்

பொருட்களை அகற்றாமல் போவதைத் தடுக்க திரும்பத் தரக்கூடிய முன்பணம் வாங்குவது பலன் தரும். கடைசி நாளில் காவலர் ஒருவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு கூடவே நடந்து ஒவ்வொரு பொறியையும் கம்பியையும் எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம். குழிப்பொறிக் குழிகளை மூடினார்களா என்று குனிந்து பாருங்கள். திறந்து கிடக்கும் ஒரு குவளை உயிர்களைக் கொன்றுகொண்டே இருக்கும். நீண்டகால மனையைத் தொடரப் போவதாகச் சொன்னால், அடுத்த பொறுப்பாளர் யார் என்று பெயர் கொடுத்த பிறகுதான் ஆணிகளையும் குழாய்களையும் விட்டுவைக்க வேண்டும்.

களத்தில் கூட நடந்த காவலர்கள், உள்ளூர் உதவியாளர்கள் பெயர் கட்டுரையின் நன்றிப் பகுதியில் வர வேண்டும். தரவுக்கே அவர்கள் பங்களித்திருந்தால் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும். இதை அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாகவே வைக்கலாம். முடிவுகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கமாக எழுதித் தரவும் கேளுங்கள்.

நீங்கள் மாற்றலாகிப் போகும் நாளும் வரும். அதற்காக இப்போதிருந்தே ஒரு ஒப்படைப்புக் கோப்பு வையுங்கள். பதிவேடு, வரைபடக் கோப்பு, தரவு இருக்கும் இடமும் கடவுச்சொல்லும், அகற்ற வேண்டிய பொருட்களின் பட்டியல், நிலுவை அறிக்கைகள், எந்த மனையை எந்த மாதம் யாரும் தொடக்கூடாது என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி உங்கள் கணினியிலும், இன்னொன்று அலுவலகத்துக்கு வெளியே வேறொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும். புதிதாக வருபவரோடு குறைந்தது இரண்டு நீண்டகால மனைகளுக்கு நேரில் நடந்து போய், மூலைக் குழாய்களை அவர் தானே கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.